ஷேக்ஸ்பியரும் புதுச்சொற்களும்: முதலாட்சி பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஆங்கில நாடகப் பெரும்புலவர் வில்லியம் ஷேக்ஸ்பியர் (1564–1616) ஏறத்தாழ 1,700 சொற்களைப் புதியனவாகப் படைத்து ஆங்கில மொழிக்கு வழங்கினார் என்பது இன்று கற்றாரும் மற்றாரும் ஒருங்கே கூறும் செய்தியாகும். அச்சொற்களின் பட்டியல்கள் பொதுநூல்கள் பலவற்றில் இடம்பெறுகின்றன. அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர் வழங்கும் சொற்களுள் எண்ணற்றவை அவர் ஒருவருடைய எழுதுகோலிலிருந்தே பிறந்தன என்னும் எண்ணத்தை அவை உண்டாக்குகின்றன. இலக்கிய ஒப்பாய்வில் ஈடுபடும் நம் மாணவரும் இதனை ஐயுறாது எடுத்தாள்கின்றனர். அவ்வாறு எடுத்தாள்வோர், 'அங்ஙனமாயின் கம்பர் படைத்த சொற்கள் எத்தனை? இளங்கோவடிகள் படைத்தவை எத்தனை?' என்று வினவத் தலைப்படுதலும் இயல்பே.

அவ்வினாவை எழுப்புமுன் முன்னதன் உண்மையை ஆராய்தல் நம் கடன். 1,700 என்னும் எண் எங்கிருந்து வந்தது? அதனை எண்ணியவர் எதனை எண்ணினர்? ஒரு சொல் ஒரு நூலில் முதன்முதற் காணப்படுதலும், அந்நூலாசிரியரால் அச்சொல் ஆக்கப்படுதலும் ஒன்றாகுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சொல் எழுத்தில் முதன்முதற் பதிந்துள்ள இடத்தை ஈண்டு 'முதலாட்சி' என்று குறிப்பிடுவோம்.

2. எண்ணிக்கை பிறந்த வரலாறு

1857ஆம் ஆண்டு நவம்பரில், இலண்டன் மொழிநூற் கழகத்தின் முன் ரிச்சர்டு செனெவிக்ஸ் டிரெஞ்சு என்னும் அறிஞர், அந்நாள் ஆங்கில அகராதிகளின் குறைகளை எடுத்துரைத்தார். ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் அது தோன்றிய காலந்தொட்டு மேற்கோள்களால் காட்டும் பேரகராதி ஒன்று வேண்டும் என்னும் கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் முதற் பதிப்பாசிரியராய் அமர்ந்து 1861இல் மறைந்தார். அவருக்குப்பின் பர்னிவால் அப்பணியை ஏற்றார். 1879இல் பொறுப்பேற்ற ஜேம்சு மர்ரே, நூல்களைப் படித்துச் சொற்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்புமாறு ஆங்கிலம் பயிலும் பொதுமக்கள் அனைவர்க்கும் வேண்டுகோள் விடுத்தார். 1884இல் முதற் பகுதி வெளிவந்தது. மர்ரே 1915இல் மறைய, 1928இல் அகராதி நிறைவெய்தியது. அதில் அடங்கிய சொற்கள் 4,14,825. மேற்கோள்கள் 18 இலட்சத்திற்கும் மேற்பட்டவை. இதுவே ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி எனப் பெயர் பெற்றது.

இப்பணியின் இயல்பை நன்கு நோக்குதல் வேண்டும். சீட்டு எழுதியோர் தாமே முன்வந்த ஆர்வலர். அவர் கைக்கு எளிதில் எட்டிய நூல்களும், அவர் விரும்பிப் படித்த நூல்களுமே மிகுதியாக ஆராயப்பட்டன. அவற்றுள் தலையாயவை ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மேலும், அந்நாடகங்களுக்குச் சொல்லடைவுகள் முன்னரே இருந்தன. மேரி கௌடன் கிளார்க்கு அம்மையார் தொகுத்த சொல்லடைவு 1845இலும், செருமானிய அறிஞர் அலெக்சாண்டர் சுமிட் இயற்றிய ஷேக்ஸ்பியர் சொற்களஞ்சியம் 1874–75இலும் வெளிவந்துவிட்டன. ஒரு சொல்லை ஷேக்ஸ்பியரிடம் தேடுவோர்க்கு ஏட்டைப் புரட்டிய அளவில் விடை கிடைத்தது. அவர் காலத்துப் பிற ஆசிரியரிடம் தேடுவோர்க்கோ நூல் முழுவதையும் வரிவரியாகப் படிப்பதன்றி வேறு வழியில்லை. எனவே அகராதியில் அவர் நூல்களிலிருந்து மட்டும் 33,000க்கும் மேற்பட்ட மேற்கோள்கள் அமைந்தன. பல சொற்களுக்கு அவர் பெயரே முதலிடத்தில் நின்றது. அவ்வாறு முதலிடத்தில் நின்ற சொற்களைப் பிற்காலத்தார் எண்ணிக் கூட்டினர். கூட்டியதை 'அவர் படைத்த சொற்கள்' என்று பெயரிட்டு வழங்கினர். முதலாட்சி ஆக்கமாக மாறியது இவ்வாறே.

3. முதலாட்சி வேறு, ஆக்கம் வேறு

இக்குறையை முறைப்படி வெளிப்படுத்தியவர் செருமானிய அறிஞர் யூர்கன் ஷேபர் ஆவார். 1980இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில், அகராதி ஷேக்ஸ்பியரைக் கையாண்ட முறையையும் அவர் காலத்தவரான தாமசு நாஷ் என்னும் உரைநடையாசிரியரைக் கையாண்ட முறையையும் அவர் ஒப்பிட்டார். ஷேக்ஸ்பியரின் சொற்கள் ஏறக்குறைய எச்சமின்றித் தொகுக்கப்பட்டிருக்க, நாஷின் சொற்கள் பல விடுபட்டிருந்தன. ஷேக்ஸ்பியருக்கு உரியனவாகக் காட்டப்பட்ட முதலாட்சிகள் பலவற்றிற்கு அவற்றினும் முற்பட்ட ஆட்சிகள் உண்டு என்பதும் தெளிவாயிற்று.

பின்னர்க் கணிப்பொறியின் துணையால் 15ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1700 வரை அச்சிடப்பட்ட ஆங்கில நூல்கள் தேடுதற்குரிய வடிவம் பெறலாயின. அவற்றுள் 25,000க்கும் மேற்பட்டவை 2015இல் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டன. ஆக்சுபோர்டு அகராதியின் மூன்றாம் பதிப்பிற்குரிய திருத்தங்கள் 2000ஆம் ஆண்டு முதல் வெளிவருகின்றன. இத்திருத்தங்களில், முன்னர் ஷேக்ஸ்பியர் பெயரில் நின்ற சொற்கள் பல வேறு ஆசிரியர் பெயருக்கு மாறியுள்ளன. அவற்றுள் சில, பெயர் அறியப்படாத எழுத்தாளர் இயற்றியவற்றிலும் மொழிபெயர்ப்புகளிலும் கண்டெடுக்கப்பட்டவை.

எழுத்தில் முற்பட்ட சான்று கிடையாத இடத்தும் சொல்லைக் கவிஞரின் ஆக்கம் எனத் துணிதல் இயலாது. இரண்டு சான்றுகள் காட்டுவோம். முதலையினத்தைக் குறிக்கும் 'அலிகேட்டர்' என்னும் சொல் 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில் வருகிறது. 'பல்லி' எனப் பொருள்படும் இசுபானியச் சொல் முன்னடையுடன் திரிந்து உருவானது அது. கடலோடிகளின் பயணக் குறிப்புகளில் அதன் முந்து வடிவங்கள் உள்ளன. 1597இல் அச்சான அந்நாடகப் பதிப்பில் இசுபானிய வடிவத்தை ஒட்டி 'அலிகார்ட்டா' என்றே காணப்படுகிறது. மாலுமியர் வாயில் பிறந்து துறைமுகத்தின் வழியே நகரத்துள் புகுந்த சொல்லைக் கவிஞர் தம் நாடகத்தில் பெய்துகொண்டார் என்பதே பொருந்தும்.

மற்றொன்று, செருக்கி நடத்தலைக் குறிக்கும் 'சுவாகர்' என்பது. 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் இச்சொல் வருகிறது. ஆயின், கவிஞர் ஜார்ஜ் சேப்மன் 1598இல் எழுதும்போது, இது மக்களிடையே புதிதாக வழங்கும் சொல் என்றும், வேர் இன்னதென அறியப்படாது வழக்கினால் உரிமை பெற்றது என்றும் குறிப்பிடுகின்றார். அவர் எந்த நாடகத்தையும் சுட்டவில்லை. மக்கள் வழக்கையே சுட்டுகின்றார். இதனைத் தெருவின் சொல் என்பதா, கவிஞர் சொல் என்பதா?

இன்னொன்றும் கருதத்தக்கது. அக்காலத்து இலண்டன் மேடைகளுக்கென எழுதப்பட்ட நாடகங்களுள் பெரும்பாலானவை அழிந்துபோயின. ஷேக்ஸ்பியருடைய நாடகங்களுள்ளும் 18, அவர் மறைந்த பின்னர் 1623இல், அவருடன் நடித்த ஹெமிஞ்சும் காண்டெலும் வெளியிட்ட பெருந்தொகுதியிலேயே முதன்முறை அச்சேறின. அவ்விருவர் முயலாதிருந்தால் 'மாக்பெத்' நாடகமும் அதன் சொற்களும் நமக்குக் கிட்டாமலே போயிருக்கக்கூடும். ஆகவே எஞ்சியதைக் கொண்டு இழந்ததை அளத்தல் பொருந்தாது. ஓலைச்சுவடிகளைக் கரையானுக்கும் நெருப்புக்கும் பறிகொடுத்த நமக்கு இவ்வுண்மையை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

அவர் சொல்வளத்தின் அளவு பற்றிய கூற்றும் இத்தகையதே. அவர் 15,000 சொற்களை ஆண்டார் என்று 1861இல் மாக்சு முல்லர் கூறினார். அதனால் அவர் ஒப்பற்ற சொற்கடல் என்னும் புகழ் பரவியது. 2011இல் ஹியூ கிரெய்கு என்பார், ஒத்த நீளமுடைய நாடகப் பகுதிகளைக் கொண்டு அவரையும் அவர் காலத்து நாடகாசிரியரையும் ஒப்பிட்டார். ஒரு நாடகத்திற்கு இத்தனை வேறு சொற்கள் என்னும் அளவில் ஷேக்ஸ்பியர் பிறரினும் விஞ்சி நிற்கவில்லை என்பது அவர் கண்ட முடிபு. அவர் நாடகங்கள் மிகுதியாக எஞ்சியமையால் மொத்தச் சொற்களும் மிகுந்தன.

4. புதுச்சொல்லில் திளைத்த காலம்

ஷேக்ஸ்பியர் தோன்றிய காலமே புதுச்சொற்களின் காலம் என்பதையும் மறத்தல் கூடாது. இலத்தீன், கிரேக்க நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டபோது ஆங்கிலத்தில் சொற்பஞ்சம் உணரப்பட்டது. தாமசு எலியட் 1531இல் வெளியிட்ட தம் நூலில் 'மெச்சூரிட்டி' போன்ற இலத்தீன் வழிச் சொற்களைக் கொணர்ந்து, உடன் அவற்றின் பொருளையும் விளக்கிச் சென்றார். இவ்வழக்கம் மிகவே எதிர்ப்பும் எழுந்தது. தேவையின்றி வடிக்கப்படும் சொற்களை 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று எள்ளினர். 1553இல் தாமசு வில்சன் அத்தகைய சொற்களாலேயே ஒரு கடிதம் புனைந்து நகையாடினார். 1557இல் ஜான் சீக், பிறமொழிக் கலப்பின்றித் தூய ஆங்கிலத்திலேயே எழுதுதல் வேண்டும் என வற்புறுத்தினார். தனித்தமிழ் பற்றிய நம் நாட்டு வாதங்களை அறிந்தார்க்கு இவ்வாதம் புதிதன்று.

நாஷ் என்பார் தம் நூலொன்றின் 1594ஆம் ஆண்டுப் பதிப்பில், தம்முடைய தொகைச் சொற்களுக்குச் சுவையானதொரு காரணம் கூறினார். ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்களே சில்லறைக் காசுகள்போல் மலிந்துள்ளன என்றும், அவற்றில் பலவற்றைக் கொடுத்துப் பெருநாணயம் ஒன்றாகத் தாம் மாற்றிக்கொள்வதாகவும் அவர் எழுதினார். எல்லோரும் இவ்வாறு புதுநாணயம் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் நம் கவிஞரும் அடித்தார் என்பதே வரலாறு. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதியும் 1604இல்தான் தோன்றியது. ராபர்ட் காட்ரே தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்கள் இருந்தன. எச்சொல் மொழிக்குரியது, எச்சொல் அன்று என அறுதியிட அந்நாளில் எவரிடமும் ஏடு இல்லை.

எது நிலைக்கும், எது அழியும் என்பதை முன்கூட்டி உரைக்கும் ஆற்றலும் எவர்க்கும் இல்லை. 1601இல் பென் ஜான்சன் இயற்றிய 'பொயட்டாஸ்டர்' நாடகத்தில், சொல்லடுக்கும் போலிக் கவிஞன் ஒருவனுக்கு மருந்தூட்டி அவன் விழுங்கிய சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கக்கச் செய்யும் காட்சி ஒன்றுண்டு. அக்கவிஞன் ஜான் மார்ஸ்டனே என்பர் ஆய்வாளர். கக்கப்பட்ட சொற்களுள் 'கிளிபரி', 'லூப்ரிக்கல்' போன்றன மறைந்தன. ஆனால் உணர்வுடைமையைக் குறிக்கும் 'கான்ஷியஸ்', கடுமுயற்சியைக் குறிக்கும் 'ஸ்ட்ரெனுவஸ்', நயமின்மையைக் குறிக்கும் 'கிளம்சி' ஆகியன இன்று ஆங்கிலச் சிறுவரும் வழங்கும் சொற்களாயின. ஜான்சன் நகையாடிய சொல் நிலைத்துவிட்டது. மொழியில் அவர்க்கிருந்த புலமை அதனைத் தடுக்கவில்லை.

5. மேடையில் புதுச்சொல்

அவ்வாறாயின் ஷேக்ஸ்பியருக்கு உரிய சிறப்பு யாது? புதுச்சொல்லைப் படைத்ததினும், புதுச்சொல் மாந்தரிடையே புகும் நிகழ்ச்சியையே நாடகப் பொருளாக்கியதில் அவர் சிறப்பு விளங்குகின்றது.

'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் கோஸ்டர்டு என்னும் நாட்டுப்புறத்தான், 'ரெமுனரேஷன்' என்னும் இலத்தீன் வழிச் சொல்லுடன் மூன்று பார்த்திங்கு காசு பெறுகின்றான். உடனே அச்சொல் மூன்று பார்த்திங்குக்குரிய இலத்தீன் பெயர் என்று முடிவு செய்கின்றான். பின்னர் மற்றொருவன் 'கெர்டன்' என்று சொல்லி ஒரு சில்லிங்கு தருகின்றான். இரு சொல்லும் கைம்மாறு என்னும் ஒரே பொருளன. ஆயின் கோஸ்டர்டோ, முன்னதினும் பின்னது பதினொன்றேகால் பென்னி உயர்ந்தது எனக் கணக்கிட்டு மகிழ்கின்றான். உயர்ந்தோர் வாய்ச்சொல் எளியோன் கையில் காசாக மாறும் இக்காட்சியில், சொற்பெருக்கின் பயனும் பயனின்மையும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

'நான்காம் ஹென்றி' இரண்டாம் பகுதியில், பார்டால்பு என்னும் படைஞன் 'அக்காமடேட்' என்னும் அந்நாள் புதுச்சொல்லை ஆள்கின்றான். கேட்ட நீதிபதி ஷாலோ அதனை வியந்து, இலத்தீன் மூலத்தையும் எடுத்துக் கூறுகின்றார். பார்டால்போ பொருளை விளக்கவும் அறியாது, அது படைவீரர்க்கேற்ற நற்சொல் என்று ஆணையிட்டுக் காக்க முனைகின்றான். அச்சொல்லின் வழிவந்த பெயரை, காலத்தின் நறுமணம் பூசிய சொற்களுள் ஒன்று என்று ஜான்சனும் பழித்தார். இன்றோ அது தங்கும் அறையைக் குறிக்கும் சாதாரணச் சொல். அதே நாடகத்தில் விடுதித் தலைவி, 'சுவாகர்' செய்வோரைத் தன் இல்லத்துள் விடமாட்டேன் என்று அச்சொல்லைக் கேட்ட அளவில் நடுங்குகின்றாள். சொல் புதிது, அதனைக் கேட்டு நகைக்கும் அவையினர்க்கோ அது முன்னரே பழகியது. அன்றேல் நகை எங்ஙனம் பிறக்கும்?

அருஞ்சொல்லை ஆளுமிடத்தும் அவர் அவையினரைக் கைவிடவில்லை. மாக்பெத், குருதிக் கறை படிந்த தன் கையைக் கடலில் கழுவினால் கடலனைத்தும் செந்நிறமாகும் என்று கூறுமிடத்தில், 'இன்கார்னடைன்' என்னும் சொல் வினையாக வருகின்றது. அதனை அடுத்தே, பசிய கடல் சிவப்பாகும் என்னும் கருத்தை எளிய ஓரசை ஆங்கிலச் சொற்களால் மீண்டும் கூறுகின்றார். இலத்தீன் கற்ற மேன்மக்களும், காசு கொடுத்துத் தரையில் நின்று காணும் தொழிலாளரும் ஒருங்கே பொருள் உணர்வர். எலியட் உரைநடையில் செய்ததைக் கவிஞர் உணர்ச்சியின் உச்சியில் செய்தார். நூலினுள்ளேயே உரையும் அமைந்துவிட்டது எனலாம்.

6. அவர்க்கு உரியன எனத்தக்கவை

அவர் ஒரு சொல்லையும் ஆக்கவில்லை என்பது நம் கருத்தன்று. இருக்கும் சொற்களைக் கொண்டு மொழியின் இயல்பு திரியாமல் புதியன கட்டுவதில் அவர் வல்லவர். அவற்றை மூவகைப்படுத்தலாம். முதலாவது தொகைச்சொல்: 'ஜான் மன்னன்' நாடகத்தில் குளிர்ந்த குருதியுடையான் எனப் பொருள்படும் தொகையும், 'அஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஒளியற்றது எனப் பொருள்படும் தொகையும் இதற்குச் சான்று. இரண்டாவது முன்னொட்டுச் சேர்ப்பு: பெண்மையை நீக்கு எனப் பொருள்பட மாக்பெத்தின் மனைவி கூறும் சொல்லும், அரசு பறிக்கப்பட்ட நிலையை 'இரண்டாம் ரிச்சர்டு' குறிக்கும் சொல்லும் இவ்வகையின. மூன்றாவது பெயரை வினையாக்கல்: முழங்கையைக் குறிக்கும் 'எல்போ' என்னும் பெயர், 'லியர் மன்னன்' நாடகத்தில், நாணம் அரசனை இடித்துத் தள்ளுகின்றது எனப் பொருள்பட வினையாகின்றது. இம்மூவகையும் கேட்டார்க்கு அக்கணமே விளங்குவன.

இதற்கு மாறாக, ஒலியால் பெருமிதம் தோன்ற வடித்த 'எக்சப்ளிகேட்', 'இர்ரெகுலஸ்', 'குவெஸ்டிரிஸ்ட்' முதலியன மக்கள் வழக்கில் ஏறவில்லை. பழஞ்சொல் கழிதலும் புதுச்சொல் புகுதலும் காலத்தின் தொழில் என்னும் நன்னூலார் கருத்து பெருங்கவிஞர்க்கும் பொருந்துவதே.

7. சொல் ஒன்று, பொருள் வேறு

பட்டியல் தொகுப்போர் வழுவும் பிறிதோர் இடம் பொருள் பற்றியது. படுக்கையறையைக் குறிக்கும் 'பெட்ரூம்' என்பதை அவர் ஆக்கினார் என்பர். 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் அச்சொல், காட்டில் காதலியின் அருகே படுப்பதற்கு இடம் வேண்டும் காதலன் கூற்றில் வருகின்றது. ஆங்கு அதன் பொருள் படுக்கையில் இடம் என்பதே. அறை என்பது அன்று. 'அடிக்‌ஷன்' என்னும் சொல் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் விருப்பச் சார்பு என்னும் பொருளில் வருகின்றது. போதைக்கு அடிமையாதல் என்னும் பொருள் பிற்காலத்தது. முன்னரே உறுதியாகிவிட்ட முடிவைக் குறிக்க இன்று வழங்கும் 'போர்கான் கன்க்ளூஷன்' என்னும் தொடர், 'ஒத்தெல்லோ' நாடகத்தில் முன் நிகழ்ந்துவிட்ட செயல் என்னும் பொருளைத் தருகின்றது. வடிவம் அவர் நூலில் உண்டு. இன்றைய பொருளைத் தந்தவர் பின்வந்த மக்கள்.

8. வழக்கில் ஏற்றியவர்

சொற்களைப் பரப்பியதில் ஷேக்ஸ்பியருக்குப் பங்குண்டு; ஆயின் அதுவும் அவர் ஒருவரால் நிகழ்ந்ததன்று. 1623ஆம் ஆண்டுத் தொகுதி 1632, 1663, 1685ஆம் ஆண்டுகளில் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியை வெளியிட்டபோது, மன்னராட்சி மீட்சிக்கு முற்பட்ட ஆசிரியரின் மொழியைத் தூய ஊற்றாகக் கொண்டு மேற்கோள் தேர்ந்தார். அதில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட ஆசிரியர் ஷேக்ஸ்பியரே. பத்தாண்டு கழித்து, 1765இல், ஜான்சன் அவர் நாடகங்களையும் பதிப்பித்தார். அகராதி கவிஞர்க்குச் சான்றாகவும், கவிஞர் அகராதிக்குச் சான்றாகவும் அமைந்த நிலையில், அவர் ஆண்ட சொல் கற்றோர் மதிப்பைப் பெற்றது. பின்னர் நடிகரும் பள்ளி ஆசிரியரும் அதனை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தனர். இவ்வாறு பெற்ற மதிப்பே ஆக்சுபோர்டு அகராதிக்குச் சீட்டு எழுதியோரை மீண்டும் அவரிடம் அழைத்துச் சென்றது. புகழ் மேற்கோளைத் தந்தது. மேற்கோள் மீண்டும் புகழை வளர்த்தது.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன: 1,700 என்னும் எண் ஷேக்ஸ்பியரின் படைப்பாற்றலை அளந்து கண்டதன்று, ஓர் அகராதியின் வாசிப்பு எல்லையை அளந்து கண்டது. வாசிப்பு விரியுந்தோறும் அவ்வெண் சுருங்கி வருகின்றது. சுருங்குவதால் கவிஞரின் பெருமை குன்றுவதில்லை. மாறாக, கடலோடியும் நாஷும் பெயர் மறைந்த மொழிபெயர்ப்பாளரும் தமக்குரிய பங்கைத் திரும்பப் பெறுகின்றனர். கவிஞர்க்கு எஞ்சுவது, தெருவின் சொல்லையும் கல்விக்கூடத்தின் சொல்லையும் ஒரே மேடையில் நிறுத்தி இரு சாரார்க்கும் உரியதாக்கிய பேராற்றல்.

தமிழாய்வு செய்வார்க்கு இதனால் ஓர் எச்சரிக்கையும் கிடைக்கின்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும், 1939இல் வந்த அதன் பிற்சேர்க்கையும் காட்டும் மேற்கோள்கள் சொற்பொருளை விளக்குவன. அவற்றைச் சொல்லின் பிறப்பிடமாகக் கொள்ளுதல் தவறு. 'இச்சொல்லை இப்புலவர் ஆக்கினார்' என எழுதுமுன், கல்வெட்டிலும் செப்பேட்டிலும் உரைகளிலும் பிற நூல்களிலும் அதனைத் தேடுதல் வேண்டும். தேடியும் கிட்டாதவழி, 'இந்நூலில் முதற்கண் காணப்படுகின்றது' என்று எழுதுதலே தகும். தாம் வகுத்துக் கூறும் இலக்கணத்தையே பல இடங்களில் முன்னையோர் கூற்றெனச் சுட்டிச் செல்லும் தொல்காப்பியர் வழிவந்த நமக்கு அந்நெறி அரிதன்று.